மூளையும் நடத்தையும்

(தசலட்சணப் பருவ விழாவில், பொறுமை எனும் அறத்திற்குரிய முதல் நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் மூளையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவர் அல்லேன். ஆயினும், பொறுமையைப் போற்றும் இந்நாளில் இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 'பொறுத்துக்கொள்' என்று சொல்வது எளிது. எதனைப் பொறுக்கிறோம், ஏன் பொறுக்க வேண்டும் என்று அறியாதவரின் பொறுமை நெடுநாள் நிற்பதில்லை. ஒருவர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறார் என்று விளங்கிய பிறகு வரும் பொறுமையே நிலைக்கும். அந்த விளக்கத்திற்கு மூளையைப் பற்றிய அடிப்படை அறிவு பெரிதும் உதவும். முன்பயிற்சி இல்லாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் அதனைக் கூற முயல்கிறேன்.

மனத்தின் இருப்பிடம்

'நெஞ்சு' என்னும் தமிழ்ச்சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். அச்சம் வந்தால் மார்பு படபடக்கிறது. துயரம் வந்தால் மார்பு கனக்கிறது. ஆதலால் மனம் அங்கேதான் இருக்கிறது என்று மாந்தர் கருதியதில் வியப்பில்லை. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில்கூட அறிவும் உணர்வும் இதயத்தில் உள்ளன என்றும், மூளை குருதியைக் குளிர்விக்கும் உறுப்பு என்றும் எழுதினார். அவருக்கு முன்னரே இப்போகிரட்டீசின் மரபைச் சேர்ந்த மருத்துவர்கள், இன்பமும் துன்பமும் சிந்தனையும் மூளையிலிருந்தே எழுகின்றன என்று கூறியிருந்தனர்.

நம் தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, ஐம்பொறிகளின் அறிவுக்கு மேலாக மனத்தை ஆறாவது அறிவாக வைத்தார். அந்த ஆறாவது அறிவு உடலில் எதனைக் கருவியாகக் கொண்டு இயங்குகிறது என்ற வினாவுக்கு இன்றைய அறிவியல் தரும் விடை மூளை என்பதாகும்.

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான உறுப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடை உடையது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொண்டு, மின்துடிப்பாலும் வேதிப்பொருள்களாலும் செய்தி பரிமாறிக்கொள்கிறது.

மூளையின் பகுதிகளை ஒரு பெரிய குடும்பத்தின் வேலைப் பங்கீடுபோல எண்ணிக்கொள்ளலாம். கழுத்தை ஒட்டியுள்ள மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் நினையாமலே நடத்திவைக்கிறது. பின்புறம் கீழே உள்ள சிறுமூளை நடையையும் அசைவையும் சீர்படுத்துகிறது. மேலே உள்ள பெருமூளை இரு பாதிகளாக அமைந்தது. இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. பின்புறப் பகுதி கண்ட காட்சியைப் பொருள்படுத்துகிறது. காதை ஒட்டிய பகுதி கேட்டதைப் புரிந்துகொள்ளவும் நினைவில் வைக்கவும் உதவுகிறது. உச்சியை ஒட்டிய பகுதி தொடுதலை உணர்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியோ திட்டமிடுகிறது, பொறுத்திருக்கச் செய்கிறது, 'இதைச் சொல்லாதே, இங்கே சொல்லாதே' என்று தடுக்கிறது.

இந்த நெற்றிப் பகுதிதான் நம் இன்றைய பேச்சின் நடுப்பொருள். இதற்கும் ஒருவரின் பண்புக்கும் தொடர்பு உண்டு என்பதை உலகம் ஒரு விபத்தின் வழியே உணரத் தொடங்கியது.

ஒரு தொழிலாளியின் கதை

1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காவண்டிஷ் என்னும் ஊரின் அருகே இருப்புப்பாதை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பினியாஸ் கேஜ் என்ற 25 வயது இளைஞர் அங்கே மேற்பார்வையாளர். பாறையில் துளையிட்டு, வெடிமருந்தை நிரப்பி, இரும்புக் கோலால் இடித்து இறுக்குவது வழக்கம். அன்று மருந்து எதிர்பாராமல் வெடித்தது. மூன்றரை அடிக்கும் மேல் நீளமும் ஏறத்தாழ ஆறு கிலோ எடையும் உடைய அந்தக் கோல், அவருடைய இடக்கன்னத்தின் கீழ் நுழைந்து, இடக்கண்ணின் பின்புறமாகச் சென்று, மண்டையோட்டின் மேற்புறத்தைத் துளைத்து வெளியேறித் தொலைவில் விழுந்தது.

கேஜ் இறக்கவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் அமர்ந்தபடியே தங்குமிடம் வந்து சேர்ந்தார். ஜான் ஹார்லோ என்ற மருத்துவர் பல வாரங்கள் உடனிருந்து காயத்தை ஆற்றினார். இடக்கண்ணின் பார்வை போயிற்று. ஆனால் பேச்சும் நடையும் நினைவும் நிலைத்தன. உடலளவில் அவர் தேறிவிட்டார்.

மாறியது அவருடைய இயல்பு. விபத்துக்கு முன் அவர் திறமையும் நிதானமும் உடையவர் என்று பெயர் பெற்றிருந்தார். பின்னரோ பொறுமையற்றவராய், தகாத சொற்களைப் பேசுபவராய், ஒரு திட்டத்தைத் தொடங்கி உடனே கைவிடுபவராய் ஆனார் என்று ஹார்லோ 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் குறித்தார். நண்பர்களுக்கு அவரைப் பழைய கேஜாகக் கருதவே இயலவில்லை. பழைய வேலையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த இரும்புக் கோல் அவருக்குத் தீய குணத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. அடக்கத்திற்குக் கருவியாக இருந்த பகுதியைச் சிதைத்தது, அவ்வளவே.

இக்கதையைச் சொல்பவர் பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். ஆனால் இதன் பிற்பகுதிதான் நமக்கு இன்னும் பயனுடையது. கேஜ் 1852இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். குறித்த நேரத்தில் எழுதல், குதிரைகளைப் பேணுதல், பயணிகளோடு பழகுதல், கடினமான பாதையில் வண்டியைச் செலுத்துதல் ஆகிய அனைத்தும் நிதானமும் பொறுப்பும் வேண்டும் பணிகள். ஒழுங்கான அன்றாட வாழ்வு அவருடைய நடத்தையைப் பெருமளவு மீட்டிருக்க வேண்டும் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1860இல் வலிப்பு நோயால் அவர் மறைந்தார். அவருடைய மண்டையோடும் அந்த இரும்புக் கோலும் இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சினம் எழுவதும் அடங்குவதும்

நம் சமயம் வெகுளி, செருக்கு, வஞ்சனை, பற்று ஆகிய நான்கையும் உயிரைக் கட்டும் பகைகளாகக் கூறுகிறது. சமண முனிவர் பாடியதாகக் கருதப்படும் நாலடியார் சினமின்மைக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. சினம் எழும்போது மூளையில் நிகழ்வதைச் சிறிது காண்போம்.

மூளையின் ஆழத்தில், இருபுறமும், வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு சிறு பகுதி உள்ளது. அதனை அமிக்டலா என்பர். தீங்கு வருகிறதா என்று காவல் காப்பது அதன் வேலைகளுள் ஒன்று. பாதையில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றும்போது, அது என்ன என்று ஆராயும் முன்பே நாம் துள்ளி விலகுகிறோம் அல்லவா? அந்த விரைவில் இக்காவலனுக்குப் பங்கு உண்டு. உடனே இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஒரு கணம் கழித்து, நெற்றிப் பகுதி 'அது கயிறுதான்' என்று தெளிந்து உடலை அமைதிப்படுத்துகிறது.

நம்மைப் பழித்து ஒருவர் ஒரு சொல் சொல்லும்போதும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. எழுச்சி விரைவாக வருகிறது. தெளிவு சற்றுத் தாமதித்து வருகிறது. சினம் வந்தவுடன் மறுமொழி கூறாதே, சற்றுப் பொறு என்று பெரியோர் சொல்லிவைத்தது, தெளிவு வந்துசேரும்வரை நாவைக் காப்பதற்காகவே. உறக்கக் குறைவு, பசி, மதுப்பழக்கம் ஆகியவை நெற்றிப் பகுதியின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றன.

இளைஞர்களைப் பெற்றோர் கடிந்துகொள்ளும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடைவது இந்த நெற்றிப் பகுதியே. அதன் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயதுவரை தொடர்கிறது. பதினைந்து வயதில் ஆசையும் துணிவும் முழு வேகத்தில் இருக்கின்றன. கடிவாளம் இன்னும் பின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளை செய்வதையெல்லாம் சரி என்று விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. அவனுடைய கடிவாளம் உறுதிப்படும்வரை நாம் நம் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

பழக்கம் மூளையில் இடம் பெறுதல்

நடத்தையின் மற்றொரு பாதி பழக்கம். அதனை விளக்க இன்னொருவரின் வாழ்வைச் சொல்கிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவர் இளமை முதல் கடுமையான வலிப்பு நோயால் வருந்தினார். 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, மூளையின் இருபுறத்திலிருந்தும் காதை ஒட்டிய உட்பகுதியில் ஒரு பங்கை அறுவை மருத்துவர் அகற்றினார். கடற்குதிரை வடிவம் உடையதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதில் அடங்கும். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசியவரைக்கூடப் புதியவராகவே கண்டார்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் நிழலை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின் ஓரங்களுக்கு இடையே கோடு வரைய வேண்டும். முதலில் எவருக்கும் கை தடுமாறும். ஹென்றி நாள்தோறும் செய்து தேர்ச்சி பெற்றார். வியப்பு யாதெனில், அத்தகைய பயிற்சி செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு நாளும் அது அவருக்குப் புதிது. கைக்கு மட்டும் அது பழகியிருந்தது. அறிந்ததை நினைவுகூர்வதும் செய்து பழகியதைச் செய்வதும் மூளையில் வேறுவேறு வழிகளில் நடைபெறுகின்றன என்பது இதனால் புலனாயிற்று.

நினைவு மங்கிய முதியவர் மகனின் பெயரை மறந்திருப்பார். ஆனால் சிறுவயதில் மனப்பாடம் செய்த தோத்திரத்தை ஒருவர் தொடங்கிவைத்தால் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவார். நெடுங்காலப் பயிற்சியின் வேர் அவ்வளவு ஆழமானது.

பயிற்சி மூளையின் அமைப்பையே மாற்றவல்லது என்பதற்கும் சான்று உண்டு. இலண்டன் மாநகரில் டாக்சி ஓட்டுநர் உரிமம் பெற வேண்டுமானால், ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினோர் மக்வயர் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் அந்த ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய ஹிப்போகேம்பசின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வளர்ந்தவரின் மூளையும் செய்யும் செயலுக்கேற்ப மாறுகிறது. நாள்தோறும் சினந்து பேசுபவருக்குச் சினமும், நாள்தோறும் அடங்கிப் பழகுபவருக்கு அடக்கமும் எளிதாகிவிடுகின்றன.

நம் இல்லங்களில்

பெரியோர்களே, நான் இதுவரை கூறியவை நம் வீட்டுக்குள் எப்போது தேவைப்படும் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

அறுபது எழுபது ஆண்டுகள் சாந்தமாக வாழ்ந்த ஒரு தாயார் திடீரெனக் கடுஞ்சொல் பேசுகிறார். மருமகள் நகையை எடுத்துவிட்டாள் என்கிறார். எண்ணி எண்ணிச் செலவு செய்த ஒரு தந்தையார் முன்பின் அறியாதவருக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார். 'வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது' என்கிறோம். 'வேண்டுமென்றே செய்கிறார்' என்கிறோம். உடன்பிறந்தார் பிரிகின்றனர், பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. பல இடங்களில் பிழை அந்தப் பெரியவரின் குணத்தில் இல்லை. மூளை நோயுற்றிருக்கிறது.

நோய் என்றவுடன் மறதியை மட்டுமே பலர் எண்ணுகின்றனர். முதலில் நடத்தையை மாற்றி, மறதியைப் பின்னால் கொணரும் மூளைச் சிதைவு நோயும் உண்டு. அது நெற்றிப் பகுதியையும் காதோரப் பகுதியையும் தாக்கும். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள்ளேயே தொடங்கும். நினைவு நன்றாக இருப்பதால் இது நோய் என்றே எவருக்கும் தோன்றாது.

சில காரணங்கள் எளிதில் சரிசெய்யத்தக்கவை. அவற்றுள் ஒன்று நம் உணவு முறையோடு தொடர்புடையது. பி12 என்னும் உயிர்ச்சத்து காய்கறிகளிலும் தானியங்களிலும் இல்லை. புலால் நீக்கிய நமக்குப் பாலும் தயிருமே அதற்கு இயற்கை வழி. முதுமையில் அச்சத்தைக் குடல் உறிஞ்சும் திறன் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு நெடுநாள் உண்ணும் மெட்பார்மின் மாத்திரையும் அதன் அளவைக் குறைக்கக்கூடும். இச்சத்து குறைந்தால் கால் மரத்துப்போதல், சோர்வு, மறதி, எரிச்சல் ஆகியன வரலாம். ஒரு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடும்; மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம். கொல்லாமை நோன்பைக் கைவிடாமலே இதனைச் சரிசெய்ய முடியும்.

தைராய்டு சுரப்பு குறைதல், குருதியில் உப்புச்சத்து குறைதல், சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் முதியோரைக் குழப்பத்திலும் பிதற்றலிலும் ஆழ்த்தும். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து உள்ளே குருதி தேங்கி நடத்தை மாறுவதும் உண்டு.

இது உபவாச காலம் ஆதலால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு முதன்மையான எரிபொருள் குருதியில் உள்ள சர்க்கரை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உண்ணாதிருந்தால் அது ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வியர்வை, நடுக்கம், காரணமற்ற கோபம், குழறல் ஆகியன அதன் அடையாளங்கள். நோன்பிருக்கும் தாத்தா காரணமின்றிச் சீறினால் அதனை முதலில் உடல்நலக் குறிப்பாகக் கொள்ளுங்கள். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை நீர் கொடுங்கள். இத்தகையோர் நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம்.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரென வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்து நான்கரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

அப்படியாயின் பொறுப்பு யாருக்கு?

இறுதியாக ஒரு வினா எழும். நடத்தை மூளையைச் சார்ந்தது என்றால், தவறு செய்பவரெல்லாம் மூளையின் மேல் பழிபோட்டுத் தப்பிவிடலாமே? வினைக்கு யார் பொறுப்பு?

மூளை பழுதுற்றால் நடத்தை பழுதுறும் என்பதை அறிவியல் காட்டியிருக்கிறது. ஆனால் உயிர் என்றால் என்ன என்ற வினாவுக்கு அது முடிவான விடை கூறிவிடவில்லை. வீணையின் நரம்பு அறுந்தால் இசை கெடும். அதனால் இசைப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்று நம் மரபில் நிற்பவர் கூறுவர். அந்த ஆராய்ச்சியை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது நடைமுறை. நலமான மூளை உடையவருக்கு அடக்கும் ஆற்றல் இருக்கிறது. பயிற்சியால் அதனை வளர்க்கவும் முடிகிறது. ஆதலால் நம் சொல்லுக்கும் செயலுக்கும் நாமே பொறுப்பு. மூளை பழுதுற்றவருக்கோ அந்த ஆற்றல் குறைந்துவிட்டது. அவரிடம் இல்லாத அடக்கத்தை உடனிருப்பவர் தம்மிடமிருந்து கொடுத்து ஈடுசெய்ய வேண்டும். கேஜுக்குச் சிலி நாட்டின் ஒழுங்கான வாழ்வு உதவியதுபோல, நம் பெரியவர்களுக்கும் மாறாத நேரத்தில் உணவு, பழகிய இடம், பழகிய முகங்கள், அமைதியான குரல் ஆகியவை பெருந்துணை செய்யும்.

அவர்களைப் பேணும் மகளும் மருமகளும்கூட மனிதரே. இரவெல்லாம் கண்விழித்தவரின் நெற்றிப் பகுதியும் களைத்துப்போகும். வாரத்தில் ஒரு நாளேனும் அப்பொறுப்பை வேறொருவர் ஏற்று அவருக்கு ஓய்வு கொடுப்பது, அக்குடும்பத்தார் அனைவரும் செய்ய வேண்டிய அறம்.

விழாவின் நிறைவில் ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்கப் போகிறோம். அதற்கு முன்னர், நம் வீட்டில் இயல்பு மாறிய பெரியவர் எவரேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், பழைய சண்டையைத் தொடரும் முன் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதனை மட்டும் உங்கள் அனைவரிடமும் வேண்டிக்கொள்கிறேன்.